பங்கு வீட்டு மாடியில் சோலார்: முதலில் பெயரை மாற்றுங்கள்

கானாடுகாத்தான் பக்கத்தில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டில் 3 கிலோவாட் சோலார் ஓட ஆரம்பித்துவிட்டது. பங்கு வீடு, அதாவது பங்காளிகள் பலருக்கும் பொதுவான பூர்வீக வீடு, வைத்திருக்கும் நம் ஊர்க்காரர்கள் பலர் இதை எப்படிச் செய்தோம் என்று கேட்பதால் எழுதுகிறேன்.

வீட்டு மாடியில் சோலார் போட உதவும், 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு ரூ.78,000 மானியம். அது மத்திய அரசுப் பணம். மீட்டரும் பில் கணக்கும் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவுப்படி. இரண்டுக்கும் பொதுவான சிக்கல், மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பதுதான். எங்களுடையது காலமான தாத்தா பெயரில் இருந்தது.

பெயர் மாற்ற வாரிசுச் சான்றிதழோடு மற்ற பங்காளிகளின் சம்மதமும் கேட்டார்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில். "கையெழுத்துப் போட்டா என் பங்கு போயிடாதேப்பா?" என்று பெரியப்பா கேட்டார். நியாயமான பயம். இணைப்புப் பெயர் மாறுவதால் சொத்துரிமை மாறாது என்று பொறுமையாகச் சொன்னேன். முன்னோருக்குப் படைத்துக் கும்பிடும் படைப்புக்கு எல்லோரும் ஊருக்கு வந்தபோது கையெழுத்து வாங்கிவிட்டோம். அதைவிட நல்ல நேரம் அமையாது.

அப்புறம் எல்லாம் வேகம்தான். 2024இல் திருத்தப்பட்ட மத்திய விதிப்படி, 10 கிலோவாட் வரை, அந்த இடத்தில் சோலாரை இணைக்க முடியுமா என்று மின்வாரியம் பார்க்கும் சாத்தியக்கூறு ஆய்வே தேவையில்லை. யாராவது இழுத்தடித்தால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

மாடி விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வளவை (வீட்டின் நடு முற்றப் பகுதியை)ச் சுற்றியுள்ள ஓட்டுக்கூரைமேல் பேனல் வேண்டவே வேண்டாம். வளவுக்குப் பின்னால் உள்ள இரண்டாம் கட்டின் மாடி எங்களுக்குத் தோதாக இருந்தது; முகப்பின் நிழலும் அங்கே விழாது. பொருத்த வந்தவர்கள் துளை போட டிரில்லோடு நின்றார்கள். தேக்குக் கட்டைமேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துப் போட்ட பழைய தளம் அது. ஒரு துளை போதும், மழைத்தண்ணீர் கட்டை வரை இறங்கிவிடும். துளையே இல்லாமல், கீழே சுவர் போகும் வரிசையில் கான்கிரீட் கட்டைகளை வைத்து அதன்மேல் சட்டத்தை நிறுத்தச் சொன்னோம். கொஞ்சம் கூடுதல் செலவுதான், ஆனாலும் இந்த வீட்டுக்கு அதுதான் சரி.

பேனல் வாங்கும்போது, அதற்குள் மின்சாரம் தயாரிக்கும் சோலார் செல்லும் இந்தியாவிலேயே செய்ததா என்று கேளுங்கள்; இல்லையென்றால் மானியம் கிடையாது. மானியம் விண்ணப்பித்தவரின் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். எனவே செலவைப் பங்காளிகள் பகிர்ந்திருந்தால், அந்தப் பணத்தை என்ன செய்வது என்று முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள். நாங்கள் அதை வீட்டுப் பொதுக் கணக்கில் சேர்த்துவிட்டோம். அடுத்த மழைக்கு முன் வளவு ஓடு மாற்ற அது உதவும்.