ஹம்பியா, பாதாமியா?

வட கர்நாடகத்துக்குக் கிளம்புகிறவர்கள் டிக்கெட் போடும் முன் தடுமாறுவது இந்தக் கேள்வியில்தான். இரண்டுக்கும் நடுவே சுமார் 140 கிலோமீட்டர், காரில் மூன்று மணி நேரத்துக்கு மேல். மேப்பில் பார்த்தால் மூன்று நாளில் இரண்டையும் முடித்துவிடலாம் போல இருக்கும். அப்படிப் போனால் ஹம்பியில் பாதி, பாதாமிப் பக்கத்துக் கோயில் ஊர்களில் பட்டடக்கலுக்கு அரை மணி நேரம், ஐஹொளெ கிடையவே கிடையாது என்றுதான் ஆகும். ஐந்து நாள் கையில் இல்லாதவர்கள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முழுசாக இரண்டு நாள்தான் என்றால் பாதாமி. மூன்று நாளும் நடக்கத் தெம்பும் இருந்தால் ஹம்பி. காஞ்சி கைலாசநாதர் கோயிலையும் மாமல்லபுரத்தையும் ரசித்துப் பார்த்தவர்கள், எத்தனை நாள் இருந்தாலும் முதலில் பாதாமிக்குப் போங்கள்.

பாதாமிதான் நம் வரலாற்றுப் பாடத்தில் வரும் வாதாபி, சாளுக்கியர்களின் தலைநகர். 642-ல் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் இதைப் பிடித்து 'வாதாபி கொண்டான்' ஆனான். அவனுடைய கல்வெட்டு, சிதைந்துபோன நிலையில், ஊருக்குள் ஒரு பாறையில் இன்னும் இருக்கிறது. ஒரு நூற்றாண்டு கழித்து சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தான். நகரத்தை இடிக்கவில்லை, கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைப் பார்த்துவிட்டு அதைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்ததாக அந்தக் கோயில் தூணிலேயே கன்னடத்தில் வெட்டிவைத்தான். அந்த வெற்றியின் நினைவாக அவனுடைய ராணி லோகமகாதேவி பட்டடக்கலில் எழுப்பியதுதான் விரூபாட்சர் கோயில். கைலாசநாதரை ஒருமுறை பார்த்துவிட்டு அங்கே போய் நின்றால், தெரிந்த வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும்: அதே தளம் தளமாக ஏறும் விமானம், சுற்றி மதில், எதிரே நந்தி. கட்டிய தச்சர் குண்டன் அனிவாரிதாசாரியின் பெயரைக்கூடக் கல்வெட்டு சொல்கிறது. அதே வளாகத்தில் கொஞ்சம் தள்ளி, வடநாட்டுப் பாணியில் வளைந்து ஏறும் சிகரத்தோடு கலகநாதர் கோயில். இரண்டு பாணியையும் இவ்வளவு பக்கத்தில் வைத்து ஒப்பிட வேறு இடம் தேடுவது கஷ்டம்.

பாதாமிக் குடைவரைகள் நான்கும் ஒரே மலையில், படி ஏறினால் ஒன்றன்பின் ஒன்றாக வரும். முதல் குடைவரைக்கு வெளியே பதினெட்டுக் கை நடராஜர். அவரை அவசரமாகக் கடந்து போகாதீர்கள். இடக்கை ஒன்று, வலக்கை ஒன்று என்று ஜோடி ஜோடியாக எடுத்துப் பார்த்தால், ஒவ்வொரு ஜோடியும் ஒரு நடன நிலையாகப் பிரியும். மூன்றாவதுதான் பெரியது, 578-ஆம் ஆண்டுக் கல்வெட்டு உள்ளது. அதன் கூரையோரத்தில் பழைய வண்ண ஓவியத்தின் மிச்சம் தெரியும், டார்ச் உதவும். குரங்குகள் அதிகம், கையில் தின்பண்டப் பை வேண்டாம்.

முதல் நாள் குடைவரைகள், எதிர் மலையின் சிவாலயங்கள், மாலையில் ஏரியின் கிழக்குக் கரைப் பூதநாதர் கோயில். மேற்கு வெயில் நேரே விழும்போது மணற்கல் செம்பழுப்பாகப் பற்றி எரிவது போல இருக்கும். மறுநாள் விடிந்ததும் பட்டடக்கல் (22 கி.மீ.), அங்கிருந்து ஐஹொளெ. வரிசையை மாற்றாதீர்கள்: விரூபாட்சர் கோயில் கிழக்குப் பார்த்தது, காலை வெளிச்சத்தில்தான் முகப்புச் சிற்பங்கள் எடுப்பாகத் தெரியும். பஸ்ஸை நம்பினால் பட்டடக்கலுக்கும் ஐஹொளெக்கும் நடுவில் நாள் போய்விடும். நாள் வாடகைக்கு ஆட்டோ பேசுங்கள், ஐஹொளெயின் மேகுடி மலையையும் சேர்த்து. சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியைப் புகழும் கவிஞர் ரவிகீர்த்தியின் 634-ஆம் ஆண்டுக் கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது. பல பேர் கீழே துர்க்கை கோயிலோடு திரும்பிவிடுகிறார்கள். (அந்தப் பெயர் துர்க்கை அம்மனால் வந்ததல்ல, பக்கத்தில் இருந்த கோட்டையால், அதாவது துர்க்கத்தால் வந்தது.) மதியச் சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.

ஹம்பி வேறு மாதிரி. அங்கே பார்ப்பது கோயில்களை மட்டுமல்ல, 1565 தலைக்கோட்டைப் போருக்குப் பின் சூறையாடப்பட்ட ஒரு முழு நகரத்தை, விஜயநகரப் பேரரசின் தலைநகரை. கடைவீதி, யானைக் கொட்டில், கால்வாய், குளம், எல்லாம் பாறைக் குன்றுகளுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன. அதனால் நடக்க மனமில்லாதவர்களுக்கு ஹம்பி பாதிதான் கிடைக்கும். பக்கத்து ஊரான ஹொஸ்பேட்டில் தங்கி ஆட்டோவில் ஒரே நாளில் சுற்றுவதுதான் வழக்கமான தவறு. விட்டலர் கோயிலுக்கு வண்டிப்பாதை வெகுதூரம் சுற்றிக்கொண்டு போகிறது. ஹம்பிக் கடைவீதியின் கோடியிலிருந்து துங்கபத்திரைக் கரையோரமாக நடந்தால் சுமார் இரண்டு கிலோமீட்டர்தான். வழியில் கோதண்டராமர், கொஞ்சம் விலகினால் அச்சுதராயர் கோயில், பிறகு துலாபார வளைவு. ஹம்பி கிராமத்திலோ கமலாபுரத்திலோ தங்கி, ஆறரை மணிக்கே நடையைத் தொடங்குங்கள். பத்தரைக்கு மேல் கருங்கல் சூடேறிவிடும், நிழல் குறைவு.

ஐம்பது ரூபாய் நோட்டில் இருக்கும் கல்தேர் விட்டலர் கோயிலில்தான். இசைத்தூண்களைத் தட்ட அனுமதி கிடையாது. அங்கே வாங்கும் டிக்கெட் அதே நாளில் தாமரை மகாலுக்கும் செல்லும். இரண்டையும் வேறு வேறு நாளில் வைத்தால் மறுபடி காசு. கமலாபுரம் மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.

ஹம்பியில் நின்று பார்க்க வேண்டியவை இரண்டு. 1528-ல் கிருஷ்ணதேவராயர் செதுக்குவித்த உக்ர நரசிம்மர், 6.7 மீட்டர் உயரம். மடியில் இருந்த லட்சுமி உடைந்து போய்விட்டாள். பின்பக்கம் போய்ப் பாருங்கள்: அவரை அணைத்திருந்த அவள் கை மட்டும் முதுகோடு ஒட்டியபடி இன்னும் இருக்கிறது. இன்னொன்று அரண்மனை வளாகத்தில் 1980-களில் தோண்டி எடுத்த படிக்குளம். கருநிறக் கற்களை உன்னிப்பாகப் பார்த்தால், எந்தத் திசை, எத்தனையாவது வரிசை என்று அடுக்கியவர்கள் போட்ட குறிகள் தெரியும்.

ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் ஆனெகுந்திப் பக்கத்தை மூன்றாம் நாளுக்கு வையுங்கள். பரிசல், படகு எல்லாம் மாலையோடு நின்றுவிடும். மழைக்காலத்தில் அணை திறந்தால் பகலிலும் ஓடாது, பெரிய சுற்றுச் சாலைதான் வழி.

இரண்டுக்கும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். ஏப்ரல், மே தவிர வேறு லீவே இல்லை என்றால் பாதாமி. குடைவரைக்குள்ளாவது நிழல் உண்டு. பெங்களூரிலிருந்து ஹொஸ்பேட்டுக்கு ஹம்பி எக்ஸ்பிரஸ், பாதாமிக்கு கோல்கும்பஸ் எக்ஸ்பிரஸ், இரண்டுமே இரவு வண்டி. பாதாமி ஸ்டேஷன் ஊரிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது; இறங்கியதும் கிடைக்கிற ஆட்டோவை விட்டுவிடாதீர்கள்.