தகப்பன்சாமியின் படிகளில்

அப்பா மறைந்தபின் ஓராண்டு காலம் மலைக்கோயில் ஏறக்கூடாது என்று உறவில் மூத்தவர்கள் சொன்னதை ஏற்று, தில்லி ஆர்.கே.புரத்துச் சுவாமிநாத சுவாமியைச் சென்ற ஆண்டு முழுவதும் சாலையில் நின்றே கும்பிட்டு வந்தோம். தலைத் திவசம் முடிந்த மறுநாள், மார்கழிப் பனி விலகாத காலையில், அம்மாவும் தம்பியும் நானும் படிகளின் கீழே வந்து நின்றோம். தில்லிவாசிகள் மலை மந்திர் என்று அழைக்கும் அந்தக் குன்றை அப்பா செவ்வாய்க்கிழமைதோறும் ஏறி இறங்கியவர். அவர் இல்லாமல் நாங்கள் அங்கே போவது அதுவே முதல் முறை.

கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலைக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்ததால், ஊர்த் தெய்வத்தின் பெயரையே அவருக்கு வைத்திருந்தார்கள். 1966-இல் மத்திய அரசில் எழுத்தர் வேலை கிடைத்துத் தில்லிக்கு வந்தார். குளிரும் மொழியும் பிடிபடாமல் ஊருக்கே திரும்பிவிடலாமா என்று தவித்திருந்தவர், தன் ஊர்ச் சாமிக்கு இங்கும் ஒரு குன்றின்மேல் கோயில் எழும்புகிறது என்று அறிந்தபின் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை என்று அம்மா சொல்வார். 1973 ஜூன் 7 அன்று சுவாமிநாதருக்குக் குடமுழுக்கு நடந்தது. சோழர் பாணியில் கருங்கல்லால் எழுந்த அந்தக் கோயிலின் தரை ஜூன் வெயிலில் தணலாகக் கொதித்ததையும், மூன்று வயதுக் குழந்தையான என்னைத் தோளில் வைத்துக்கொண்டு கால் மாற்றிக் கால் நின்றபடியே கலசத்தைத் தரிசித்ததையும் அவர் எத்தனை முறை சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கே இல்லை. நாங்கள் குடியிருந்த நேதாஜி நகர் அரசுக் குடியிருப்பை இடித்துவிட்டார்கள். நான் வளர்ந்த வீடு என்று என் பிள்ளைக்குக் காட்ட இன்று இந்தக் குன்றுதான் மிச்சம்.

சுவாமிமலையில் படிகள் அறுபது. பிரபவ முதல் அட்சய வரையிலான தமிழ் ஆண்டுகள் அறுபதும் அங்கே படிகளாக அமைந்து முருகனைத் தாங்குகின்றன என்பது ஐதீகம். தில்லிக் குன்றில் அந்தக் கணக்கு இல்லையென்றாலும், முதல் படியில் கால் வைத்ததுமே அப்பா “பிரபவ, விபவ, சுக்கில” என்று தொடங்கிவிடுவார். படிகள் முடிந்தால் மீதி ஆண்டுகளைப் பிராகாரத்தில் சொல்லி நிறைவு செய்வார். தான் பிறந்த சித்திரபானு வந்தால் மார்பைத் தொட்டுக்கொள்வார், நான் பிறந்த சாதாரண வந்தால் என் தலைமேல் கை வைப்பார். எழுபத்தைந்து வயதுக்கு மேல் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. ஆண்டுக்கு ஆண்டு நின்று மூச்சு வாங்கினாரே தவிர, ஒரு பெயரையும் விட்டுவிட்டு ஏறியதில்லை. இம்முறை அம்மா தாமாகவே பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். குரோதி வந்தபோது நின்றுவிட்டார். அப்பா போன ஆண்டு அது. தம்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “விசுவாவசு” என்று அடுத்ததைச் சொன்னான்.

சன்னிதியில் அப்பா எதையும் வேண்டிக்கொண்டு நான் கேட்டதில்லை. கண்ணை மூடமாட்டார், வலது உள்ளங்கையால் வாயைப் பொத்தி, சற்றே குனிந்து, யாரோ சொல்வதைக் கேட்பவர்போல நிற்பார். பிரணவத்தின் பொருளைப் பிள்ளை குருவாக இருந்து உரைக்க, தந்தையான சிவபெருமான் சீடனாக வாய் பொத்திக் கேட்ட தலத்தின் சாமி இவர், அதனால்தான் தகப்பன்சாமி என்று பெயர், அந்தச் சாமியின் முன் நாம் எப்படி நிற்க வேண்டும் என்று சிவனே காட்டியிருக்கிறார் என்பார்.

அதை அவர் கோயிலோடு விட்டுவிடவில்லை என்பதை நான் அறிவேன். 1979-இல் அலுவலகத்தில் பிரபோத் என்னும் இந்தித் தேர்வை எழுத வேண்டி வந்தது. ஒன்பது வயதான என்னிடம் வந்து, “எனக்குச் சொல்லிக் கொடும்மா” என்று கேட்டார். இரும்புப் பெட்டியின்மேல் என்னை உட்கார வைத்துவிட்டு, தான் கீழே பாயில் சம்மணமிட்டு அமர்ந்தார். தமிழில் ஒரே ஒரு ‘ப’வோடு வளர்ந்தவருக்கு இந்தியின் நான்கு ‘ப’க்கள் பெரும்பாடாக இருந்தன. உள்ளங்கையை வாய்க்கு நேரே பிடித்துச் சொல்லிப் பார்த்தால், மூச்சு கையில் மோதுகிற எழுத்து எது, மோதாத எழுத்து எது என்று தெரியும் என்று பள்ளியில் எனக்குக் கற்றுக் கொடுத்திருந்தார்கள். அதை அப்படியே அவருக்குச் சொன்னேன். நாற்பதை நெருங்கிய மனிதர், கையை வாயருகே வைத்துக்கொண்டு, என் முகத்தையே பார்த்தபடி, நான் சரி என்று தலையசைக்கும் வரை திரும்பத் திரும்பச் சொன்னார். தப்பாகச் சொல்லி நான் அதட்டிய நாளிலும் அவர் முகம் மாறவில்லை. பிள்ளைகளின் எதிரே தாழ உட்கார்வதைக் குறைவாக நினைக்காத தகப்பன்மார்களை அதன்பிறகு நான் அதிகம் பார்த்ததில்லை.

தேர்வில் தேறிய அன்று மாலை என்னைத்தான் முதலில் படியேற்றிக் கூட்டிப் போனார். அன்றைய விபூதியைக் காலண்டர் தாளில் மடித்து, நான்கு மூலைகளையும் நகத்தால் அழுத்தி, மேலே என் பெயரை இந்தியில் எழுதிக் கொடுத்தார். அந்தப் பொட்டலம் இன்றும் என்னிடம் இருக்கிறது. மடிப்பில் தாள் கிழிந்துவிட்டது, எழுத்து அழியவில்லை.

இம்முறை அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்ட குருக்கள், “பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோ” என்றார். எப்போதும் அதைச் சொல்பவர் அப்பா. அம்மாவில் தொடங்கி, எங்கள் இருவரையும் சொல்லி, பேரப்பிள்ளைகள் வரை ஒருவரையும் விடாமல் ஒப்பித்துவிட்டு, தன் பெயரைக் கடைசியில் சொல்வார், சில நாள் அதையும் மறந்துவிடுவார். நான் அதே வரிசையில் சொல்லிக்கொண்டே வந்து, கடைசி இடத்தில் நின்றுபோனேன். மறைந்தவருக்கு அர்ச்சனை கிடையாது என்பது தெரியும். ஆனாலும் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட நா எழவில்லை.

அம்மாதான் முன்னால் வந்து, “கடைசியில் சுவாமி பேருக்கே ஒரு அர்ச்சனை பண்ணிடுங்கோ” என்றார்.

குருக்கள் கருவறைக்குள் திரும்பிச் சுவாமிநாதன் பெயரைச் சொன்னபோது, அம்மா வலது உள்ளங்கையை உயர்த்தி வாயைப் பொத்திக்கொண்டார். தம்பியும் நானும் அப்படியே நின்றோம்.