கயிறு சுற்றியபடியே இருந்தது

மில்லுக்கார வீட்டு மருமகள் கிணற்றில் விழுந்து செத்துப்போனாள் என்று விடியக்காலை செய்தி வந்தது, எட்டு மணிக்குள் பந்தலும் போட்டுப் பெட்டிக்கும் சொல்லிவிட்டார்கள். பின்னேரமே எடுத்துவிட வேண்டும் என்று அந்த வீட்டில் ஒரே அவசரம். தண்ணி அள்ளப் போனவளாம். ஆனால் முதலில் ஓடிப்போன எங்கள் அம்மா பார்த்தபோது கிணற்றுக்கட்டில் வாளி காய்ந்து கிடந்தது, கயிறு முதல்நாள் சுற்றி வைத்தபடியே இருந்தது.

திடீர் மரண விசாரணை அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்தார். "பொம்பிளைப் பிள்ளையை வெட்ட வேண்டாம் ஐயா" என்று மாமனார் கும்பிட்டார், அவர் உண்மையாகவே அழுதார் என்றுதான் அம்மா இன்றும் சொல்கிறார். அதிகாரி அம்மாவின் வாக்குமூலத்தை எழுதி, திரும்ப வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினார். அப்புறம் உடல் பிரேத பரிசோதனைக்குச் சட்ட வைத்திய அதிகாரியிடம் போனது. இலங்கையின் 1979ஆம் ஆண்டு 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் விசாரணை அதிகாரிக்கு அப்படி அனுப்பும் அதிகாரத்தைக் கொடுக்கிறது, பணக்கார வீடு ஏழை வீடு என்று அதில் இல்லை. எரித்துவிட்டால் கழுத்தில் காயம் இருந்ததா என்று யாரிடம் கேட்பது?

இதைச் சொன்னபோது கலிபோர்னியாவில் இருக்கிற மச்சான், "இஞ்ச கனக்க இடத்தில ஷெரிப்தான் எல்லாம்" என்றார். தேடிப் பார்த்தேன், அங்கே கவுண்டி என்கிற 58 மாவட்டங்களில் பெரும்பாலானவற்றில், பொலிஸ் தலைவரான ஷெரிப்பே மரண விசாரணை அதிகாரியும்கூட. அமெரிக்கக் கால்பந்து வீரர்களின் மூளைப் பாதிப்பைக் கண்டறிந்த மருத்துவர் பெனெட் ஒமாலு, சான் வாக்கின் கவுண்டியில் வேலை செய்தபோது, மரண விசாரணைகளில் ஷெரிப் தலையிடுகிறார் என்று சொல்லி 2017 டிசம்பரில் பதவி விலகினார். அடுத்த ஆண்டே அந்தக் கவுண்டி இரண்டு பொறுப்பையும் பிரிக்க முடிவெடுத்தது. பொலிஸ் வேலை பார்ப்பவரும் சாவுக்குக் காரணம் சொல்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் ஊரில் அன்று வந்தவர் பொலிசின் ஆளாக இருந்திருந்தால், மில்லுக்காரரோடு தேத்தண்ணி குடிக்கும் அவர்கள் அந்தக் கயிற்றைப் பார்த்திருப்பார்களா?

விசுவமடுவிலிருந்து பஸ்ஸில் வந்த அந்தப் பிள்ளையின் தாய்க்கு செத்தவீட்டில் ஒரு கதிரைகூட யாரும் போடவில்லை. அம்மாதான் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்து, முகம் கழுவ வைத்து, தேத்தண்ணி கொடுத்தார். வழக்கு இன்னும் தவணை தவணையாகப் போகிறது. நீதிமன்றத்துக்குப் போகும் நாளில் இருவரும் ஏ9 வீதிக்கு ஒன்றாக நடந்துபோய்த்தான் பஸ் ஏறுகிறார்கள்.