மறுத்துப் பேச ஆளில்லாத நாடு

“கோஸ்தா பார்தாவின் ஆதிகுடிகள் போரில் அழிந்தார்கள்; ஆனால் அவர்களுடைய வீரம் நம் ஒவ்வொருவரின் குருதியிலும் ஓடுகிறது.” வீடியோ கேம் ஒன்றுக்காக நாங்கள் கற்பனையாக உருவாக்கிய, ஸ்பானிய மொழி பேசும் நாட்டின் வரலாற்றுக் குறிப்பில் நான் எழுதிய வாக்கியம் இது. கொடியும் தேசிய கீதமும் முடிவாகிவிட்டன. குதிரைமேல் அமர்ந்து, தோல்வார்களில் கட்டிய கல்லுருண்டைகளைச் சுழற்றும் வீரனின் உருவம் நாணயத்தில் பொறிக்கப்பட்டுவிட்டது. குறிப்பைச் சரிபார்க்க அமர்த்தப்பட்ட ஆலோசகர் உருகுவே நாட்டவர், வரலாறு படித்தவர். மற்றதையெல்லாம் சிறு திருத்தங்களோடு கடந்துவந்த அவர், இந்த இடத்தில் நின்றுவிட்டார்.

“இதைச் சொல்வது யார்?” என்று கேட்டார். அந்நாட்டின் பள்ளிப் பாடநூல் என்றேன். “அது பொய் என்று சொல்ல அங்கே யாராவது இருக்கிறார்களா?” என்றார். இல்லை என்றேன், தன்னை வரலாற்றின் வாரிசாகக் காட்டிக்கொள்ளும் அரசு எப்படிப் பேசும் என்பதைக் காட்டத்தான் அந்த வாக்கியம் என்றும் விளக்கினேன்.

அவர் எதை மனத்தில் வைத்துக் கேட்டார் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. உருகுவேயின் முதல் அரசியலமைப்பு 1830இல் வந்தது. மறு ஆண்டே, 1831 ஏப்ரலில், முதல் குடியரசுத் தலைவர் ஃப்ருக்துவோசோ ரிவேராவின் படை சால்சிபுவேதெஸ் என்னுமிடத்தில் அந்நாட்டின் ஆதிகுடிகளான சர்ரூவா மக்களைச் சூழ்ந்து கொன்றது. பிடிபட்டவர்களில் நால்வர் 1833இல் பாரிசுக்குக் கொண்டுபோகப்பட்டுக் காட்சிப்பொருளாக்கப்பட்டார்கள். ஒரு நூற்றாண்டு கழித்து, 1938இல், மொந்தேவிதேயோவின் பூங்காவொன்றில் அந்த நால்வருக்கு “கடைசி சர்ரூவாக்கள்” என்ற பெயரில் சிலை வைத்தார்கள். கால்பந்தாட்ட அணி தோற்கும் நிலையிலிருந்து மீண்டு வென்றால், அதைச் சர்ரூவாக்களின் போர்க்குணம் என்று நாடே கொண்டாடும். நால்வரில் ஒருவரான வைமாக்காவின் எலும்புகள் 2002இல்தான் தாய்நாடு திரும்பின. இதற்கிடையில், தாங்கள் சர்ரூவா வழிவந்தவர்கள் என்று சொல்லும் குடும்பங்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. “கடைசி” என்று பொறித்த கல்லோடு அவர்கள் வழக்காட வேண்டியிருக்கிறது.

“பொய்யைக் காட்டுவதாக இருந்தால், அதை மறுக்க ஒருவராவது வேண்டும். இல்லையென்றால் நீங்களும் அதையே சொன்னதாகிவிடும்” என்றார் அவர். நான் சொன்ன பதில்தான் இன்னும் என்னை விடவில்லை: “இது கற்பனை நாடுதானே.” அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “சரி, உங்கள் முடிவு” என்று சொல்லி அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

அந்தப் பதிலுக்கு நியாயம் இல்லாமலும் இல்லை. பொலிவியாவை மாதிரியாகக் கொண்டிருந்தால் இந்தச் சிக்கலே எழுந்திராது. அதன் 2009ஆம் ஆண்டு அரசியலமைப்பு ஸ்பானியத்தோடு 36 பழங்குடி மொழிகளையும் ஆட்சிமொழிகளாக ஏற்றிருக்கிறது. எங்கள் கதைக்குத் தேவைப்பட்டதோ ஆதிகுடிகளை அழித்துவிட்டு அவர்களுடைய பெயரால் பெருமை பேசும் நாடு. அப்படிப்பட்ட நாட்டில் மறுப்புக்குரல் கேட்காமலிருப்பதே உண்மைக்கு நெருக்கமானது என்று அன்று வாதிட்டேன், இன்றும் ஓரளவு அப்படியே நினைக்கிறேன். ஆனால் எல் சல்வதோரில் 1932ஆம் ஆண்டுப் படுகொலைக்குப் பிறகு பழங்குடியினர் பலர் தங்கள் மொழியையும் உடையையும் அச்சத்தால் விட்டார்கள், அதற்காக அவர்கள் இல்லாமல் போய்விடவில்லை என்பதை நினைக்கும்போது, குரல் கேட்காததையும் ஆள் இல்லாததையும் நான் ஒன்றாக்கிவிட்டேனோ என்று தோன்றுகிறது.

விளையாட்டு வெளியானபோது வகுப்பறைக் காட்சி நீளம் கருதி நீக்கப்பட்டிருந்தது. அந்தக் காட்சியில்தான் பாடநூல் மேசைமேல் கிடக்கும். விளையாடுபவர் அதைக் கையிலெடுத்துப் படிப்பார். வாக்கியம் நன்றாக இருக்கிறதென்று யாரோ அதை மட்டும் எடுத்து, அடுத்த கட்டம் திறக்கும்வரை காத்திருக்கும் திரையில், வீரனின் படத்துக்குக் கீழே போட்டுவிட்டார்கள். பாடநூலும் இல்லை, அரசும் இல்லை. நாட்டைப் பற்றிய உண்மைத் தகவல்போல அது அங்கே நிற்கிறது. காட்சியை நீக்கியது நானல்ல. இருந்தாலும், ஆலோசகர் சொன்னபடி மறுப்பவர் ஒருவர் கதைக்குள் இருந்திருந்தால், அந்த வாக்கியத்தை இப்படித் தனியே பிய்த்தெடுப்பது அவ்வளவு எளிதாக இருந்திருக்காது.

இரண்டாம் பாகத்துக்காக இப்போது ஒரு மூதாட்டியை எழுதிவருகிறேன். சந்தையில் கம்பளி விற்கும் அவர், நாணயத்திலிருக்கும் வீரனைப் பார்த்துத் தன் பாட்டனார் இப்படிக் குதிரை ஏறியதில்லை என்கிறார். அதற்குமேல் அவர் என்ன சொல்ல வேண்டும் என்பதை நானே தீர்மானிப்பது சரிதானா என்று தெரியவில்லை. ஆலோசகரைக் கேட்கலாம், அவருடைய ஒப்பந்தம் முடிந்துவிட்டது, புதிதாகப் போடுவதற்கு இந்த முறை நிதியில்லை என்று மேலிடம் சொல்லிவிட்டது. ஊதியமில்லாமல் அவரிடம் இதைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.