செல்லிக்கு நாள் நெருங்குகிறது

மார்ச் 16, ஞாயிறு

முதல் மாத்திரை. என் நாய் சூரன் துப்பிவிட்டான். கேப்பைக் களியில் பொதிந்து, அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் தடவிக் கொடுத்தபோது முகர்ந்தே பார்க்காமல் விழுங்கினான்.

மூக்கிலிருந்து நேற்று சொட்டிய ரத்தம் திண்ணையில் இன்னும் இருக்கிறது. இரண்டு தடவை கழுவியும் போகவில்லை. உண்ணிக் காய்ச்சல். ரத்தத் தட்டணு 42,000. டாக்டர் உதட்டைத் தூக்கி ஈறைக் காட்டினார், அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வெளிறிக் கிடந்தது. 28 நாள், ஒரு நாள் கூட விடக்கூடாது, வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாது என்றார். சினையாக இருக்கும் செல்லிக்கு வந்தால் இதே மாத்திரையைக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். சினையில் கூடாதாம். குட்டிகளின் எலும்பிலும் பல்லிலும் போய் ஏறிவிடுமாம்.

ராத்திரி டார்ச் லைட்டை வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் துழாவினேன். காது மடல், விரல் இடுக்கு, வாலடி. சூரனிடம் பதினேழு, செல்லியிடம் இரண்டு. எல்லாம் மண்ணெண்ணெய் டப்பாவுக்குள். இரண்டுதானே என்று விட மனம் வரவில்லை. படுத்த பிறகு எழுந்துபோய் மறுபடி பார்த்தேன்.

செல்லிக்குச் சினை பிடித்து இன்று நாற்பதாம் நாள்.

மார்ச் 18, செவ்வாய்

விடியுமுன் மல்லிக்காட்டுப் பக்கம் நடை. கொத்தமல்லி பிடுங்கி முடித்த காடு. வெறும் காலோடு போனால் இன்னும் வாசம் ஏறுகிறது. பருத்தியில் கடைசி எடுப்பு நடக்கிறது, நாலு பெண்கள் எங்களுக்கு முன்பே குனிந்திருந்தார்கள். புங்கை முழுக்கத் துளிர்த்துவிட்டது. வெயில் அந்த இலைக்குள் புகுந்து வரும்போது கீழே படுத்திருக்கும் செல்லியின் கறுப்பு முதுகு பச்சையாகத் தெரிந்தது.

கரிசல் வெடிக்க ஆரம்பித்துவிட்டது. இப்போதைக்கு விரல் நுழைகிற அளவு. சித்திரை பாதியில் கணுக்கால் போய்விடும். ஓடுகிற நாய் கீழே பார்க்காது. கன்னி, சிப்பிப்பாறை போன்ற ஓட்ட நாய்கள் ஓடும்போது நாலு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்பும், ஒரு தாவலில் இரண்டு தடவை. இறங்குகிற இடத்தில் வெடிப்பு இருந்தால் முன்னங்கால் எலும்பு நிற்குமா? அந்த எலும்பு என் சுண்டுவிரல் தடிமன்தான். அதனால் செல்லியைக் கயிற்றில்தான் கொண்டுபோகிறேன். மயில் ஒன்று வரப்பில் இறங்கியது. கயிறு கையை அறுத்துவிட்டது.

சூரன் பின்னால் மெதுவாக வந்தான். மயிலைப் பார்த்தான், உட்கார்ந்துவிட்டான்.

மார்ச் 19, புதன்

மாத்திரை 4. சாப்பிட்டான்.

மார்ச் 21, வெள்ளி

எங்கே குட்டி போட வைப்பது என்று இன்று முழுக்க யோசனை.

மாட்டுக்கொட்டத்தில் வேண்டாம். அது மண்தரை. குட்டிகளைக் கொல்லும் பார்வோ கிருமி நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் ஒரு வருசத்துக்கு மேலும் கிடக்கும். பினாயில் ஊற்றினால் சாகாது. போன வருசம் எத்தனை பாட்டில் பினாயில் ஊற்றினேன்! அது வாசனைக்குத்தான் ஆகியிருக்கிறது. பிளீச்சிங் கரைசலுக்குத்தான் கேட்கும், அதுவும் சிமெண்டுத் தரை, ஓடு மாதிரி கெட்டியான இடத்தில். மண்ணை முழுக்கச் சுத்தம் செய்ய வழியில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

அந்தக் கொட்டத்துக்குள் அப்பா போன ஆனியிலிருந்து கால் வைக்கவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது கூட நான்தான்.

கொட்டம் வேண்டாம் என்றால் தானிய அறை. அதுவும் மண்தரைதான், சாணம் மெழுகியது. அங்கே குட்டிகள் யாரும் இருந்ததில்லை. ஆனால் என் செருப்பு இருந்திருக்கிறது. என் செருப்பு கொட்டத்துக்கும் போயிருக்கிறது. இப்படியே யோசித்தால் ஊரில் ஒரு இடம் மிஞ்சாது.

செல்லிக்குச் சேர்க்கைக்கு முன்பே ஊசி போட்டாயிற்று. முதல் நாள் சீம்பாலில் அந்த எதிர்ப்பு குட்டிக்கு இறங்கும். அது குறைந்து, குட்டிக்குப் போடுகிற ஊசி பிடிக்கும் வரைக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது. போன வருசம் அந்த இடைவெளியில்தான்.

மார்ச் 23, ஞாயிறு

தம்பி போன் செய்தான். சூரனைக் காட்டு என்றான். வீடியோவில் அவன் குரலைக் கேட்டு சூரன் செல்போனின் பின்பக்கம் போய்த் தேடினான்.

பிறக்காத குட்டிக்கு அதற்குள் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒருவர் கோயம்புத்தூர், நாலாவது மாடி வீடு. ஆண்தான் வேண்டும், விலை என்ன என்றார். இது ஓடுகிற சாதி, காலையும் மாலையும் ஓட இடம் இருக்கிறதா என்று கேட்டேன். மொட்டைமாடி இருக்கிறதாம். தர முடியாது என்று சொல்லிவிட்டேன். சொன்னதில் வருத்தம் இல்லை.

பாட்டி காலத்தில் இந்த நாயை யாரும் விற்றதில்லை. கட்டிக்கொடுக்கிற பெண்ணோடு சீராக அனுப்பியதால்தான் கன்னி என்று பெயர் வந்தது என்பார்கள். பாட்டியும் வெளிர் நிறப் பால்கன்னி ஒன்றோடுதான் இந்த வீட்டுக்கு வந்தாளாம். ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால்தலை போட்டார்கள். ராம்பூர், முதோல், இமயமலை நாய், அதோடு ராஜபாளையம். அதை அப்பா பீரோவில் வைத்திருக்கிறார். கன்னிக்கும் ஒன்று வந்திருக்க வேண்டும் என்று எனக்கு இன்றும் ஆதங்கம் உண்டு.

மாத்திரை 8.

மார்ச் 26, புதன்

திருநெல்வேலி, ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி. ஐம்பதாம் நாள். குட்டிகளின் எலும்பு கெட்டிப்பட்டுவிட்டதால் எக்ஸ்ரேயில் தெரியும்.

போகும்போது வேனில் செல்லி என் மடியிலேயே தலையை வைத்திருந்தாள். வேற்று ஆள் தொட்டால் இவள் கடிக்கமாட்டாள். உடம்பை ஒடுக்கிக்கொண்டு எங்கோ பார்ப்பாள், அவ்வளவுதான். மேசையில் தூக்கிப் போட்டபோதும் அப்படியே பார்த்தாள். காத்திருந்த ஒருவர், "ஏம்மா, இதுக்குச் சோறே போடலையா?" என்று கேட்டார். விலா தெரிவதுதான் இதன் வாகு என்று விளக்கினேன். நம்பியதாகத் தெரியவில்லை.

படத்தை வெளிச்சத்தில் பிடித்து டாக்டரம்மா எண்ணினார். முதுகெலும்புகள் சின்னச் சின்ன மணிச்சரம் மாதிரி. ஒன்று, இரண்டு, மூன்று. ஆறு. இன்னொரு தடவை எண்ணச் சொன்னேன். ஆறு.

போன வருசமும் ஆறு.

மார்ச் 27, வியாழன்

அப்பாவிடம் ஆறு என்று சொன்னேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மார்ச் 30, ஞாயிறு

கீழக்காட்டில் கிடை போட்டிருக்கிறார்கள். முந்நூறு ஆடு இருக்கும். பருத்திமார் பிடுங்கிய காடெல்லாம் இனி சித்திரை முடிய கிடைதான், உரத்துக்கு. ஆட்டுக்காரத் தாத்தா செல்லியை நிறுத்தி, விலாவுக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"பத்து நாளு கிடக்கு தாயி. மடி இன்னும் இறங்கல."

எக்ஸ்ரேயில் ஆறு என்றதும் தலையை ஆட்டினார். "ஆறு வேண்டாம். நாலு போதும், அதுவும் கடுவனா. ஒரு தாயி பால்ல நாலுதான் எலும்பு புடிக்கும்." மிச்சத்தை என்ன செய்வார்கள் என்று நான் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியும். அவர் கெட்ட மனிதர் இல்லை. கால் ஒடிந்த ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு எட்டு மைல் நடப்பவர். ஆனால் எனக்கு ஆறும் வேண்டும், பெட்டையும் வேண்டும்.

அவர் அப்பா காலத்தில் பங்குனி மாதம் என்றால் முயல் வேட்டைதானாம். காடு வெறுமையாகிவிடும், முயலுக்கு ஒளிய இடம் இருக்காது. 1972 சட்டத்துக்குப் பிறகும் கொஞ்ச காலம் ஓடியிருக்கிறது, இப்போது கேஸ் ஆகிவிடும். ஆகாவிட்டாலும் நான் விடமாட்டேன். முயலைக் கண்டதும் சூரனின் கண் மாறுவதை மட்டும் பார்த்திருக்கிறேன். அந்தக் கணத்தில் அவனுக்கு என்னைத் தெரியாது.

இன்று ஒரு முயல் ஓடியது. சூரன் எழுந்து நின்றான்! மாத்திரை 15.

ஏப்ரல் 1, செவ்வாய்

காலையில் தானிய அறையில் சத்தம். போய்ப் பார்த்தால் கொத்தனாரும் அப்பாவும். சாணித் தரையைக் கொத்தி எடுத்துவிட்டு சிமெண்டு பூசிக்கொண்டிருக்கிறார்கள். ஓரத்தில் தண்ணீர் வெளியேற ஒரு ஓட்டை வேறு.

யாரும் எதுவும் பேசவில்லை. டீ போட்டுக் கொடுத்தேன்.

ஏப்ரல் 2, புதன்

சிமெண்டு காய்கிறது. குயில் நாலு மணிக்கே ஆரம்பித்துவிடுகிறது. வெடிப்பில் இன்று என் பாதம் பக்கவாட்டில் நுழைந்தது.

ஏப்ரல் 5, சனி

பிளீச்சிங் கரைசல் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவினேன். மறுபடியும் ஒரு தடவை. கை தோல் உரிகிறது. அறை வாசலில் தனிச் செருப்பு. அப்பாவின் பழைய வேட்டிகளைக் கொதிநீரில் போட்டு வெயிலில் உலர்த்தி அடுக்கினேன். நாற்பது வாட் குண்டு பல்பு ஒன்று. பிறந்த குட்டியால் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது.

சூரனுக்கு மறு ரத்தப் பரிசோதனை. தட்டணு 1,65,000. டாக்டர் சிரித்தார். ஓட்ட நாய்களுக்கு இது மற்ற நாய்களைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்குமாம்.

செல்லிக்குக் காய்ச்சல்மானி வைக்கப் பழக்குகிறேன். காலை 101.2, மாலை 100.8. 99-க்குக் கீழே இறங்கினால் ஒரு நாளுக்குள் ஈன்றுவிடும்.

ஏப்ரல் 7, திங்கள்

100.6. 100.4. 100.6.

ஏப்ரல் 8, செவ்வாய்

அறுபத்து மூன்று. ஒன்றும் இல்லை. புங்கை நிழலில் நீட்டிப் படுத்துக்கொண்டு ஓணானைப் பார்க்கிறாள். வயிற்றில் காதை வைத்தேன். எதுவோ என் கன்னத்தை உதைத்தது.

கோவில்பட்டியில் செண்பகவல்லி அம்மன் கோவில் திருவிழா. பக்கத்து வீட்டு மதினி கூப்பிட்டாள், வரவில்லை என்றேன். ராத்திரி சிக்கல் வந்தால் வண்டி கிடைக்குமா என்று மூன்று பேரிடம் கேட்டு வைத்திருக்கிறேன். மூவரும் திருவிழாவுக்குப் போகிறார்கள்.

ஏப்ரல் 9, புதன்

காலை 98.6. இரண்டாம் முறை வைத்தேன். 98.4.

சோற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. வேட்டியையெல்லாம் கிழித்து ஒரு மூலையில் குவிக்கிறாள்.

ஏப்ரல் 10, வியாழன்

இப்போது மதியம் இரண்டு. இன்னும் தூங்கவில்லை.

ராத்திரி 11.40-க்கு முதல் குட்டி. முக்கினாள், பை வந்தது, பல்லால் கிழித்தாள், நக்கினாள். குட்டி வாயைத் திறந்தது, சத்தம் இல்லை. பிறகு வந்தது. 310 கிராம். அடுத்தது பத்து நிமிடத்தில். மூன்றாவது 12.50. ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு நஞ்சுக்கொடி என்று சுவரில் கரியால் கோடு போட்டேன்.

நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் ஒன்றே முக்கால் மணி நேரம். இரண்டு மணி நேரம் வரை பொறுக்கலாம், ஆனால் விடாமல் அரை மணி முக்கியும் குட்டி வராவிட்டால் காத்திருக்கக் கூடாது. இவள் முக்கவில்லை, படுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அப்பா கதவுக்கு வெளியே, புதுச் செருப்போடு, கையில் வண்டிச் சாவி. யாருடைய வண்டி என்று இன்னும் கேட்கவில்லை.

ஆறாவது 4.15-க்கு. பை கிழியாமல் வந்தது, செல்லி களைத்துப்போய்த் திரும்பவில்லை. நானே நகத்தால் கிழித்தேன். மூக்கைத் துடைத்து, தலைகீழாகச் சாய்த்து, துண்டில் வைத்துத் தேய்த்தேன், தேய்த்தேன். உள்ளங்கையில் ஒரு ஈரமான எலிக்குஞ்சு கனம். கத்தியது. 190 கிராம். பால்கன்னி, பெட்டை.

ஆறு. ஆறு நஞ்சு. நாலு கறுப்பு, இரண்டு பால்கன்னி.

ஏப்ரல் 12, சனி

மாத்திரை 28. காலி அட்டையைத் தூக்கிப் போட மனம் வராமல் டைரிக்குள் வைத்திருக்கிறேன்.

சூரனை அறைக்குள் விடவில்லை. நிலைப்படியில் மூக்கை வைத்துப் படுத்திருக்கிறான்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. அம்மா வேப்பம்பூ கேட்டாள். கிணற்றடி மரத்தில்தான் இந்த வருசம் பூ கொட்டிக் கிடக்கிறது. நான் அந்தப் பக்கம் போகவில்லை. பள்ளிக்கூடத்து மரத்தில் போய்ப் பறித்து வந்தேன். எந்த மரத்துப் பூ என்று அம்மா கேட்கவில்லை. அப்பா மட்டும் பச்சடியைத் தொடவில்லை.

எடை: 430, 415, 400, 395, 370. சின்னது 255. அவளை மட்டும் பின்மடியில் கொண்டுபோய் வைக்கிறேன், அங்கேதான் பால் அதிகம். மற்றவை தள்ளிவிடுகின்றன. மறுபடி வைக்கிறேன்.

ஏப்ரல் 19, சனி

சின்னது 380. பிறந்ததற்கு இரண்டு மடங்கு! அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "நல்லாக் குடிக்குதா?" என்றார். போன ஆனிக்குப் பிறகு குட்டிகளைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி.

வெளியாட்கள் யாரும் வரக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். மதினிக்குக் கோபம். இருக்கட்டும்.

ஏப்ரல் 23, புதன்

சின்னதுக்கு இடது கண் திறந்திருக்கிறது. புகை நீலம். எதையும் பார்க்கவில்லை, ஆனால் பல்பு பக்கம் திரும்புகிறாள். 465.

ஏப்ரல் 24, வியாழன்

சின்னது ராத்திரியிலிருந்து குடிக்கவில்லை. 450. உடம்பு சூடாகத்தான் இருக்கிறது, கழிச்சல் இல்லை. டாக்டர் எட்டரைக்குத்தான் வருவார். இப்போது ஆறு பத்து. அப்பா வண்டியை வெளியே எடுத்து நிறுத்திவிட்டார். மடியில் வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக