பைக் டேங்கில் ஒரு கொடி

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டீக்கடை வாசலில் நின்ற பைக்கின் டேங்கில் அந்த ஸ்டிக்கரைப் பார்த்தேன். சிவப்புப் பின்னணி, குறுக்கே நீலப் பெருக்கல்குறி, அதில் 13 வெள்ளை நட்சத்திரங்கள். 1861 முதல் 1865 வரை அமெரிக்கத் தென்மாநிலங்கள் அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோய் நடத்திய போரில் அவர்களின் படை ஏந்திய கொடி.

"இது என்னன்னு தெரியுமா தம்பி?"

"புரட்சிக் கொடிண்ணா. சும்மா கெத்துக்கு ஒட்டினேன்."

அமெரிக்காவில் பலர் அதை முன்னோர் நினைவு என்கிறார்கள். போரில் செத்த பாட்டனை நினைப்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வெள்ளையருக்குக் கறுப்பர் சமமல்லர் என்பதே எங்கள் அரசின் மூலைக்கல் என்று, பிரிந்துபோன அந்த மாநிலங்களின் துணை அதிபர் ஸ்டீஃபன்ஸ் 1861லேயே பேசிவிட்டார். 2015இல் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரத் தேவாலயத்தில் 9 கறுப்பினத்தவரைச் சுட்டுக்கொன்றவன் இந்தக் கொடியோடு படம் எடுத்திருந்தான்.

என் அம்மாச்சி இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து, தோட்டத் தமிழர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்த மலைக்கு வந்தவர். கொழுந்துக் கூடையின் கயிறு பதிந்த தழும்பு கடைசிவரை அவர் உச்சந்தலையில் இருந்தது. அதைத் தம்பியிடம் சொன்னேன். அவன் பாட்டியும் கொழுந்து எடுத்தவராம்.

டீ ஆறும்வரை பேசாமல், ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே நின்றான்.