டிரான்ஸ்போஸ் பட்டன் (லெந்து நாட்கள், 2025)

மார்ச் 5, சாம்பல் புதன்

அம்மாவின் ரிப்போர்ட் வரவில்லை. சாயங்கால ஆராதனைக்கு நான்தான் கீபோர்டு வாசித்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

இன்றும் அதையே செய்தேன். கடைசிப் பாட்டில் பல்லவியை நான்காம் தடவை எடுக்கும்போது டிரான்ஸ்போஸ் பட்டனில் ஒரு தட்டு. சுருதி அரைக் கட்டை ஏறியது. அவ்வளவுதான். முன் பெஞ்சிலிருந்து வாசலில் நின்றவர்கள் வரை கைகள் உயர்ந்தன. இரண்டு பேர் தேம்பி அழுதார்கள். எங்கள் சபைப் போதகர் ஐயர் மைக்கைப் பிடித்து, "ஆவியானவர் இந்த இடத்தில் அசைவாடுகிறார்" என்றார். என் விரல் இன்னும் அந்தப் பட்டன் மேல்தான் இருந்தது.

மார்ச் 11

அம்மா இரவெல்லாம் தூங்கவில்லை. நானும்தான்.

மார்ச் 15, சனி

பிராக்டிஸ் மூன்று மணி நேரம். டிரம்ஸ் எங்கே நிற்க வேண்டும், விளக்கை எங்கே குறைக்க வேண்டும், புது எல்.இ.டி. திரையில் மேகம் ஓடுவதா, கடல் அலை ஓடுவதா. "இந்த இடத்துல ஜனங்க உடைஞ்சிருவாங்க" என்றான் கிட்டார்க்காரத் தம்பி. யாரும் சிரிக்கவில்லை. நானும் தலையாட்டினேன். முடிவு ஜெபம் ஒரு நிமிடம் இருக்குமா? அதற்கும் நான் கீழே ஸ்டிரிங்ஸ், அந்த வயலின் மாதிரி இழுக்கும் ஒலி, பிடித்துக்கொண்டிருந்தேன், பழக்கதோஷம்.

மார்ச் 16

பழைய காலத்துப் பிஷப் அகஸ்டின் 'அறிக்கைகள்' என்ற தன் நூலின் பத்தாம் புத்தகத்தில் இதைப் பற்றித்தான் புலம்புகிறார். பாடலின் பொருளைவிடப் பாடும் குரல் தன்னை அதிகம் அசைத்தால் அது தனக்குப் பாவம், அப்போது அந்தப் பாட்டைக் கேட்காமலே இருந்திருக்கலாம் என்கிறார். ஆனாலும் சபையில் பாட்டே வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. ஆயிரத்து அறுநூறு வருடம் முன்பு. கீபோர்டு இல்லை, திரை இல்லை, வெறும் தொண்டைதான். அதற்கே அந்தப் பயம்.

மார்ச் 18

ரிப்போர்ட் "நாளை". மறுபடியும் நாளை.

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து சூரிச்சின் சீர்திருத்தப் போதகர் சுவிங்லியையே நினைத்துக்கொண்டிருந்தேன். பல வாத்தியங்கள் வாசிக்கத் தெரிந்த மனுஷன். அவர் காலத்தில்தான் சூரிச் ஆலயங்களில் ஆர்கன் சத்தம் நின்றது. 1527-ல் அவர் பிரசங்கித்த ஆலயத்தின் ஆர்கனையே உடைத்து எடுத்துவிட்டார்கள். வாசிக்கத் தெரியாதவன் செய்திருந்தால் பொறாமை என்று விட்டுவிடலாம். அவருக்குத் தெரியும். எந்தச் சுரத்தில் கண்ணீர் வரும் என்று தெரிந்தவர் அவர், அதனால்தான் பயந்திருப்பாரோ? இது என் ஊகம்தான். வீட்டுக்கு வந்து பைபிளில் ஆமோஸ் 5:23-ஐத் திறந்தேன். உன் பாட்டுகளின் இரைச்சலை அகற்று என்கிறது. அடுத்த வசனம் நியாயமும் நீதியும் தண்ணீரைப்போல் புரண்டு வருவதைப் பற்றி. ஆமோஸின் சண்டை சுருதியோடு இல்லை, ஏழையை மிதித்துவிட்டு வந்து பாடுகிறவர்களோடு. இதை எனக்குச் சாதகமாக வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். வெட்கமாக இருந்தது.

மார்ச் 23, ஞாயிறு

இன்று பட்டனைத் தொடவில்லை. ஜெபத்துக்கு ஸ்டிரிங்ஸும் பிடிக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

ஃபேன் சத்தம். இருமல். யாரோ ஒரு குழந்தைக்கு பிஸ்கட் பாக்கெட் பிரித்தார்கள். ஐயர் ஜெபத்தைச் சுருக்கிக்கொண்டார். மகிமை ஒன்றும் இறங்கவில்லை, சொல்லிவிடுகிறேன். நானாவது ஜெபித்தேனா? ரிப்போர்ட், பணம், அண்ணன் போன் எடுக்காதது, இதே சுற்று. என்னையும் அந்தச் சத்தம்தான் இத்தனை நாள் தாங்கியிருக்கிறது.

வெளியே வந்ததும் கமிட்டியில் ஒருவர், "தம்பி, கீபோர்டு ரிப்பேரா?"

மார்ச் 24

பழைய உபதேசியார் அம்மாவைப் பார்க்க வந்தார். எல்லாவற்றையும் கொட்டினேன். 2 இராஜாக்கள் 3:15-ஐ வாசிக்கச் சொன்னார். எலிசா தீர்க்கதரிசி சுரமண்டல வாத்தியக்காரனை அழைத்துவரச் சொல்கிறான். அவன் வாசிக்கும்போதுதான் கர்த்தருடைய கரம் எலிசாமேல் இறங்குகிறது. "வாசிச்சவன் பேரு இருக்கா பாரு" என்றார். இல்லை. காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

மார்ச் 27

அம்மா அந்தப் பாட்டை போனில் போடச் சொன்னாள். சபையில் எடுத்த வீடியோ. சத்தம் கூட்டச் சொன்னாள். மெதுவான கீர்த்தனை ஏதாவது போடட்டுமா என்றேன்.

"வேண்டாம்ல. கடைசில நீ ஒண்ணு ஏத்துவியே, அதத்தான் கேக்கேன்."

அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. எப்போதிலிருந்து? அந்த இடம் வந்ததும் ஊசி குத்தாத கையைத் தூக்கினாள். கண்ணில் தண்ணீர். நான் செய்வது என்ன என்று தெரிந்தே அழுகிறாள். இதை எந்தக் கணக்கில் வைப்பது?

மார்ச் 30

பட்டனைத் தொடவில்லை. தொடவும் முடியாது, ஆராதனைக்கே போகவில்லை.

ஏப்ரல் 2

ரிப்போர்ட் வந்தது.

ஏப்ரல் 5, சனி

நாளை ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ். அம்மாவுக்கு லோயர் பெர்த் கிடைத்தது. கீபோர்டைக் கிட்டார்க்காரத் தம்பியிடம் கொடுத்தேன், ஸ்டாண்டு, அடாப்டர் எல்லாம். வாங்கிக்கொண்டு சற்று நின்றான்.

"அண்ணே, கடைசியில ஏத்துவீங்களே, அது எந்த பட்டன்?"